மணி நாலுக்கு வண்டி நிற்க வேண்டும்: பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் வரை

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து வடக்கே எக்ஸ்மவுத் என்ற கடலோர ஊர் 1,250 கிலோமீட்டர் என்று மேப்பில் பார்த்ததும் நாங்கள் நான்கு பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டோம். ரோட்டில் 110 போகலாம், கூட்டம் கிடையாது, பதின்மூன்று மணி நேரம், மாற்றி மாற்றி ஓட்டினால் இரண்டே நாள். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பது இரண்டாம் நாள் சாயங்காலம் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கம் கிளம்பும் நம்மவர்கள் யாராயிருந்தாலும் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை மணி நேரம் டிரைவ்?" என்றுதான்.

நான் ஆறு வருஷமாகப் பெர்த்தில் இருக்கிறேன். மற்ற மூன்று பேரும் கல்லூரித் தோழர்கள். ஒருவன் மெல்பர்னிலிருந்து வந்தான், ஒருவன் சிங்கப்பூரிலிருந்து, இன்னொருவன் சென்னையிலிருந்து. சென்னையிலிருந்து வந்தவனுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை கிராமம், அப்பா, சித்தப்பா எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். இந்தப் பயணத்தில் எங்களைக் கரை சேர்த்தது அவன் சொன்ன ஒரு வார்த்தைதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆகஸ்ட் மாதம் போனோம். பெர்த்தில் அப்போது குளிரும் மழையும், ஆனால் வடக்கே போகப் போக வெயில் இதமாகிக்கொண்டே வரும். கோடையில் போகாதீர்கள் என்று தைரியமாகச் சொல்வேன். வழியில் வரும் கால்பாரிப் பள்ளத்தாக்குக்குள் கோடையில் வெப்பம் 50 டிகிரியைத் தொடும், ஈத்தொல்லை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் சரியான காலம். ஆனால் அது பெரும்பாலும் குளிர்காலம், பொழுது சின்னது, ஆறு மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும். இதை நாங்கள் யோசிக்கவேயில்லை.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் வீட்டில் அரைத்த பொடி, ஊறுகாய் எல்லாம் கொண்டுவருவோம் இல்லையா, விமானத்தில் கொடுக்கும் அட்டையில் உணவு இருக்கிறது என்று டிக் பண்ணிவிடுங்கள். சொன்னால் சோதித்துப் பார்ப்பார்கள், மறைத்தால்தான் அபராதம். மெல்பர்ன் நண்பனுக்கு இது உள்நாட்டு விமானம்தானே என்று பையில் நாலு ஆப்பிள். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் மற்ற மாநிலத்துப் பழங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு, பெர்த் விமான நிலையத்திலேயே தொட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

என் கார் சின்னது என்பதால் ஒரு எஸ்யூவி வாடகைக்கு எடுத்தோம். ஒப்பந்தம் பத்துப் பக்கத்துக்கு மேல். நான் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

முதல் நாள் நன்றாகவே போனது. இந்தியன் ஓஷன் டிரைவ் 2010-இல் முழுசாகத் திறந்த சாலை, கடலை ஒட்டிய வெள்ளை மணல்மேடுகளுக்கு நடுவே போகும். நம்பங் தேசியப் பூங்காவில் பின்னக்கிள்ஸ் என்ற சுண்ணாம்புத் தூண்கள், மஞ்சள் மணலில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன, சிலது மூன்றரை மீட்டர் உயரம். பக்கத்திலேயே செர்வான்டிஸில் தீட்டிஸ் ஏரி. ஜெரால்டன் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை, அதனால் தைரியம் கூடிவிட்டது. தப்பிப் பிழைத்த ஒரு ராத்திரி அடுத்த நாளுக்குத் தப்பான பாடம் சொல்லிக் கொடுத்துவிடும்.

ஜெரால்டனில் காலையில் எச்எம்ஏஎஸ் சிட்னி நினைவிடத்துக்குப் போனோம். 1941 நவம்பரில் அந்தப் போர்க்கப்பல் 645 பேரோடு மூழ்கியது, ஒருவர்கூடத் திரும்பவில்லை, கப்பல் கிடந்த இடமே 2008-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு ஆளுக்கு ஒரு கடற்பறவையாக 645 உலோகப் பறவைகளைக் கோத்து மேலே ஒரு கூரை. கீழே ஒரு பெண்ணின் சிலை, தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறாள். தூத்துக்குடி நண்பன் அங்கேயே ரொம்ப நேரம் நின்றான். "எங்க ஊர்லயும் புயல் அன்னிக்கி இப்படித்தான் மாப்ள நிப்பாங்க" என்றான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

ஆனால் அப்புறம் சந்தையில் சாமான் வாங்குகிறோம் என்று ஒரு மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம், போர்ட் கிரிகரி பக்கத்தில் ஹட் லகூன் என்ற இளஞ்சிவப்பு ஏரியில் போட்டோ எடுக்கிறோம் என்று இன்னும் அரை மணி நேரம். உப்பு நீரில் வளரும் ஒரு பாசியின் நிறமி அந்த ஏரிக்கு ரோஸ்மில்க் நிறம் கொடுக்கிறது. உச்சி வெயிலில் பார்த்தால்தான் நிறம் தூக்கலாக இருக்கும், நாங்கள் போனபோது மணி நாலரை, பாதி நிறம்தான் மிச்சம். அங்கிருந்து கால்பாரி ஒரு மணி நேரத்துக்குள்தான். ஐந்து மணி தாண்டிக் கிளம்பினோம். ஸ்டியரிங்கில் நான்.

சூரியன் இடது பக்கம் கடலை ஒட்டி இறங்கிவிட்டது. புதர்களின் நிழல் ரோட்டுக்குக் குறுக்கே நீளநீளமாக விழுந்திருந்தது, அந்த நிழல் பட்டைகளில் எது செடி, எது மிருகம் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒரு கங்காரு வலப் பக்கத்திலிருந்து தாவி ரோட்டைக் கடந்தது. நான் பிரேக் போட்டேன், அது போய்விட்டது, காலை எடுத்தேன். அடுத்த நொடியே இன்னொன்று. ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்பது இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரிந்தும் காலை எடுத்துவிட்டேன். ஸ்டியரிங்கை மட்டும் திருப்பவில்லை. பெர்த்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் நூறு முறை சொன்னது அது: நேராகவே பிரேக் போடு, ஒடிக்காதே, ஒடித்தால் வண்டி உருளும், மனிதர்கள் சாவார்கள். இடித்தது. அந்தச் சத்தம் உலோகத்தில் விழுந்த மூட்டையின் சத்தம் மாதிரி இருந்தது.

யாருக்கும் அடி இல்லை. ஓரமாக நிறுத்தி ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு இறங்கினோம். வலப் பக்க ஹெட்லைட் நொறுங்கி, பானெட் முனை மடங்கி, பம்பர் தொங்கியது. கங்காரு பத்தடி பின்னால் கிடந்தது, அசைவில்லை. கை விரல்கள் ஒரு குழந்தையின் கை மாதிரி மடங்கியிருந்தன. சிங்கப்பூர் நண்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஐந்து நிமிஷத்தில் எதிரே வந்த ஒரு யூட், அதாவது பின்னால் சாமான் ஏற்றும் தட்டு வைத்த வண்டி, நின்றது. வயதானவர். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து அடிபட்டதா என்று கேட்டார். அப்புறம் நேராக அந்தக் கங்காருவிடம் போய் மண்டியிட்டு உட்கார்ந்து அதன் வயிற்றுப் பைக்குள் கையை விட்டுப் பார்த்தார். அம்மா செத்தாலும் குட்டி உள்ளே உயிரோடு இருக்கலாம், பார்க்காமல் போகக்கூடாது என்றார். பை காலி. வாலைப் பிடித்து ரோட்டிலிருந்து தள்ளி இழுத்துப் போட்டார், நானும் ஒரு பக்கம் பிடித்தேன், அது நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, உடம்பு இன்னும் சூடாக இருந்தது. ரோட்டிலேயே கிடந்தால் காலையில் கழுகு தின்ன வந்து, அதுவும் அடுத்த வண்டியில் அடிபடும் என்றார். கடைசியில் தன் வண்டியைத் திருப்பி, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் எங்களுக்கு முன்னால் கால்பாரி வரை விளக்குக் காட்டிக் கூட்டிப்போனார். பேர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று ராத்திரி அறையில் உட்கார்ந்து அந்த ஒப்பந்தத்தை முதல் முறையாக வரிவரியாகப் படித்தோம். ஊருக்கு வெளியே, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை ஓட்டினால் காப்பீடு செல்லாது. எவ்வளவு சேதமோ அவ்வளவும் நம் கையிலிருந்து. பகலில் நடந்தால் எக்ஸஸ் என்று சொல்லும் தொகை வரைக்கும்தான் நம் பொறுப்பு. மெல்பர்ன் நண்பன் இறங்கின உடனே எடுத்த போட்டோவில் நேரம் 5.43 என்று இருந்தது. சூரியன் மறைய இன்னும் பத்து நிமிஷம் இருந்த நேரம். அந்தப் பத்து நிமிஷம்தான் எங்களைக் காப்பாற்றியது. வாடகை வண்டியில் ஏதாவது ஆனால், ஆட்கள் பத்திரம் என்று தெரிந்த மறுநிமிஷம் போட்டோ எடுங்கள், நாலு பக்கமும் எடுங்கள். அதற்கு முன்னால், பணம் கட்டும்போதே அந்த ராத்திரி விதியையும் விலங்கு மோதினால் என்ன என்பதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றியும் அன்றைக்கே பேசினோம். ஓட்டியவன் நான், முழுசாக நானே கட்டிவிடுகிறேன் என்றேன். தூத்துக்குடி நண்பன் கோபப்பட்டான். "வலை அறுந்தா அன்னிக்கி சுக்கான் பிடிச்சவன் மட்டுமாலே கொடுப்பான்? போட்டுல போன எல்லாருக்கும் பங்கு உண்டு" என்றான். நாலாகப் பிரித்தோம், கடைசியில் ஆளுக்கு எழுநூறு டாலர் சொச்சம் வந்தது. இதைக் கிளம்பும் முன்பே பேசியிருக்க வேண்டும். எந்த நண்பர் கூட்டமும் பேச வேண்டும். யார் கையில் ஸ்டியரிங் இருந்தாலும் சேதம் எல்லாருக்கும் பொது என்று முன்கூட்டிச் சொல்லிக்கொண்டால், ஓட்டுகிறவன் பயமில்லாமல் ஓட்டுவான், களைப்பாக இருக்கிறது என்பதையும் கூச்சமில்லாமல் சொல்வான்.

அப்புறம் அவன் சொன்னதுதான் நான் முதலில் குறிப்பிட்ட வார்த்தை. "கடலுக்குப் போறவன் கெளம்புற நேரத்த வச்சி கணக்குப் போட மாட்டான். கரைக்கு எப்ப வரணுமோ அதுல இருந்து பின்னால எண்ணிக்கிட்டு வருவான்."

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப்பில் வண்டியைப் பார்த்தார்கள். ரேடியேட்டர், சக்கரம், பிரேக் எல்லாம் சரியாக இருக்கிறது, பகலில் மட்டும் ஓட்டுங்கள் என்றார்கள். வாடகைக் கம்பெனியும் போனில் அதையே சொன்னது. ஆக மிச்சமிருந்த பத்து நாளும் ஒற்றை ஹெட்லைட்டோடு, இருட்டுக்கு முன்னால் நிற்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. மணி நாலுக்கு எந்த ஊரில் இருக்க வேண்டும்? அதிலிருந்து பின்னால் எண்ணி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? நடுவில் எதை விட்டுவிட வேண்டும்? ஒவ்வொரு ராத்திரியும் இந்தக் கணக்குதான். பயணமே மாறிவிட்டது.

கால்பாரியில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினோம், அது நல்லதாகப் போயிற்று. 2020-இல் திறந்த ஸ்கைவாக் அங்கே இருக்கிறது, பாறை விளிம்பைத் தாண்டி 25 மீட்டரும் 17 மீட்டருமாக இரண்டு மேடைகள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கின்றன, நூறு மீட்டருக்கும் கீழே மர்ச்சிசன் ஆறு. அந்த மண்ணின் ஆதிக்குடிகளான நந்தா மக்களின் மொழியில் காஜு யாட்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வானம், பார்த்தல் என்று பொருள். காலை ஏழரைக்கே போங்கள், வெயிலும் இருக்காது, கூட்டமும் இருக்காது.

அங்கிருந்து டெனம் என்ற அடுத்த ஊர் 375 கிலோமீட்டர். கால்பாரியை விட்டால் நடுவில் பெரிய ஊர் கிடையாது, பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் ரோட்ஹவுஸ்தான். பாதி டேங்க் இருக்கிறதே என்று எந்த ரோட்ஹவுஸையும் தாண்டாதீர்கள், விலை கூடத்தான் இருக்கும், பரவாயில்லை. போன் சிக்னல் மணிக்கணக்கில் இருக்காது. இருக்கும் இடத்திலும் டெல்ஸ்ட்ரா சிம்மில்தான் கிடைத்தது, மற்ற மூன்று போனும் சும்மா கிடந்தன. மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இருபது லிட்டர் குடிதண்ணீர் கேன் ஒன்று டிக்கியிலிருந்து இறங்கவேகூடாது.

ரோடு டிரெயின் என்று சொல்லும் தொடர் லாரிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 53.5 மீட்டர் வரை நீளம், நம் ஊர் ரயில் பெட்டி இரண்டைவிட அதிகம். ஓவர்டேக் பண்ணப் போனால் முடிவே வராது. எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்தோம்: பக்கத்து சீட்டில் இருப்பவனும் 'சரி' என்று சொன்னால்தான் முந்துவது. அவசரமில்லாதபோது பின்னாலேயே போனோம். எதிரே வரும்போது காற்று வண்டியைத் தள்ளும், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே ஒற்றை விரலை உயர்த்தி எதிரே வருபவர்கள் வணக்கம் சொல்வார்கள், நாமும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து எங்களுக்கு அது தன்னால் வந்துவிட்டது.

டெனம் போகும் வழியில் ஷெல் பீச். மணலே கிடையாது, சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளைச் சிப்பிகள் மட்டும், மீட்டர் கணக்கில் ஆழத்துக்கு. நடந்தால் அரிசி மூட்டை மேல் நடக்கிற சத்தம். டெனம் பக்கத்தில் மங்கி மையா என்ற கடற்கரையில் காலையில் டால்பின்கள் கரைக்கு வரும், நிறையக் கூட்டம் இருக்கும், ரேஞ்சர்கள் சொல்கிற இடத்தில்தான் நிற்க வேண்டும். மீன் கொடுப்பது சில பெண் டால்பின்களுக்கு மட்டும், அதுவும் கொஞ்சமாக, அவை வேட்டையாடுவதை மறந்துவிடக் கூடாது என்பதற்காக. டால்பினைத் தொட முடியவில்லையே என்று யாரோ குறைப்பட்டார்கள். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது.

கார்னர்வனில் எங்கள் எல்லாருக்கும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கேஸ்கோயின் ஆறு வருஷத்தில் பெரும்பாலும் வெறும் மணல், தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது, அதை இறைத்து வாழை போட்டிருக்கிறார்கள். வைகையில் ஊற்றுத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தோட்டத்து வாசலில் பெட்டியில் காசைப் போட்டுவிட்டுச் சீப்பை எடுத்துக்கொள்ளலாம். சின்னப் பழம், நல்ல இனிப்பு. அன்று சாயங்காலம் பூங்காவில் இருக்கும் இலவச மின்சார பார்பெக்யூ கல்லில் தோசை ஊற்றினோம். முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, வெங்காயத்தை வெட்டித் தேய்த்து, மூன்றாவது தோசையிலிருந்து எழும்பி வந்தது. முடித்ததும் கழுவி வைத்துவிட்டு வாருங்கள், அடுத்து வருபவர் அதில் இறைச்சி சுடுவார், அவர் சாப்பாட்டில் நம் புளித்த மாவு ஒட்டக்கூடாது.

கார்னர்வனுக்கு வடக்கே குவோபாவில் கடல் பாறைத் துளை வழியாகப் பீறிட்டு அடிக்கும். ராட்சத அலை ஆளைக் கொல்லும் என்று வழியிலேயே பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். ஈரமாக இருக்கும் பாறையில் காலே வைக்கக்கூடாது.

நிங்கலூ என்ற பவளப்பாறைக் கடற்கரைக்கு வந்தபோது பயணத்தின் எட்டாவது நாள். பவளப்பாறை பார்க்க இங்கே படகே வேண்டாம், கரையிலிருந்து நீந்தினாலே போதும், அதுதான் இதன் அருமை. 2011-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கினார்கள். அங்கே டர்க்காய்ஸ் பே என்ற சின்ன விரிகுடாவில் தெற்கு முனையில் இறங்கினால் நீரோட்டமே வடக்கே தள்ளிக்கொண்டு போகும், கை கால் அசைக்காமல் பவளத்தின் மேலே மிதந்து போகலாம். ஆனால் மணல்திட்டு முனை வருவதற்கு முன்பே கரை ஏறிவிட வேண்டும். அதைத் தாண்டினால் அந்த ஓட்டம் பவளப்பாறைத் திட்டின் இடைவெளி வழியாக வெளிக்கடலுக்கு இழுத்துவிடும். பலகையில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். தூத்துக்குடி நண்பன் பலகையைப் படித்தான், அப்புறமும் எங்களை இறங்க விடவில்லை. அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் எங்கே இறங்கி எங்கே ஏறுகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தான். "நீவாடு இன்னிக்கி கொஞ்சம் வெரசா இருக்கு. அந்தக் குடை இருக்கு பாரு, அது நேரா வந்ததும் ஏறிரணும், முனைய பாக்கக் கூடாது" என்றான். நீவாடு என்றால் அவர்கள் ஊரில் நீரோட்டம். இரண்டிரண்டு பேராக இறங்கினோம், ஒரு ஜோடி தண்ணீரில், ஒரு ஜோடி கரையில். நன்றாக நீந்தத் தெரியாத சிங்கப்பூர் நண்பனை வடக்குப் பக்கம் அமைதியான தண்ணீரில் மட்டும் விட்டோம், அங்கேயே அவனுக்கு ஆமை தென்பட்டது.

எக்ஸ்மவுத் பக்கத்திலிருக்கும் கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவில் கடலோரக் கூடார இடங்களை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்துவிடுகிறார்கள். எங்களுக்கு இரண்டு ராத்திரி கிடைத்தது அதிர்ஷ்டம். கடைசி ராத்திரி அங்கேதான். மூன்றரைக்கே வண்டியை நிறுத்தி, கூடாரம் போட்டு, குக்கரில் சாதம் வைத்துவிட்டு, நாலு நாற்காலியைக் கடலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் திமிங்கிலம் ஒன்று மூச்சு விட்டது, வெள்ளையாக ஒரு கோடு எழும்பிக் கலைந்தது. சூரியன் தண்ணீரைத் தொடப் போகிற நேரத்தில் எங்களுக்குப் பின்னால் ஏதோ சரசரத்தது. மலைப்பக்கத்துக் கங்காரு ஒன்று, செம்பழுப்பு நிறம், வண்டியின் உடைந்த ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி அதன் குட்டி. நான் அசையாமல் இருந்தேன். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, காதைத் திருப்பியது, மறுபடி மேய ஆரம்பித்தது. சாதம் குழைகிற வாசனை வந்தும் நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.